மருத்துவமனை பார்க்காத நாட்கள்: புற்றுநோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது

கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, என்றால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பது என்றுதான் பலர் மனதில் படம் இருக்கிறது. இன்று பெரும்பாலான கீமோ அப்படி நடப்பதில்லை. காலையில் போய், நாற்காலியில் சாய்ந்து, சில மணி நேரம் மருந்து ஏற்றிக்கொண்டு, மாத்திரைப் பையோடு மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள். சில வகைப் புற்றுநோய்களுக்கு கீமோவே மாத்திரையாக வந்துவிட்டது. "இவ்வளவு பெரிய நோய்க்கு ஒரே நாளில் அனுப்பிவிட்டார்களே" என்று குடும்பம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. பல மருந்துகளுக்கு 21 நாட்கள் ஒரு சுற்று. அதில் மருத்துவமனையில் கழிவது பெரும்பாலும் ஒரு நாள். மீதி 20 நாட்கள் வீட்டில். பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை அந்த 20 நாட்களில்தான் வரும். மருத்துவர் அவற்றைத் தன் கண்ணால் பார்க்கப்போவதில்லை. ஆகவே வீட்டில் இருப்பவரின் முதல் வேலை சமைப்பதோ ஆறுதல் சொல்வதோ இல்லை. கவனிப்பதும், கவனித்ததைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்வதும்தான். எதைக் கவனிக்க வேண்டும் என்பது, மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால் தானாகவே பிடிபடும்.

ஒரே நோய், வேறு வேறு சிகிச்சைகள்

வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல்கள் அப்படிப் பெருகுபவை. ஆனால் நல்ல செல்களிலும் அவசரக்காரர்கள் உண்டு: எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் செல்கள், வாய் முதல் குடல் வரையிலான உட்படலம், முடியின் வேர். மருந்துக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரியாது. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி கொட்டுதல், ரத்த அணுக்கள் குறைதல் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

இவை ஒரே நாளில் வருவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோராயமான நாட்காட்டி இது:

1. முதல் 24 மணி நேரம்: குமட்டல், வாந்தி. சில மருந்துகளில் இது 2-ஆம் நாள் தொடங்கி 5-ஆம் நாள் வரை நீளும். வாந்தி மாத்திரையை "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி கொடுப்பது இதனால்தான். வந்தபின் அடக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது.
2. முதல் வாரக் கடைசி முதல்: வாய்ப்புண், விழுங்கும்போது எரிச்சல்.
3. ஏறக்குறைய 7 முதல் 14 நாட்கள் வரை: வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் காலம். இதுதான் ஆபத்தான வாரம்.
4. முதல் டோஸ் முடிந்து 2 அல்லது 3 வாரம்: முடி கொட்டத் தொடங்கும். எல்லா மருந்துகளிலும் கொட்டாது.

அறையில் படுக்க வைத்து வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு வேறு மாதிரி. வழக்கமாக வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் சில வாரங்கள் தொடரும். பாதிப்பு மெல்ல மெல்லச் சேர்ந்து, கடைசி வாரங்களிலும் முடிந்தபின் ஓரிரு வாரங்களிலும் உச்சத்துக்கு வரும். சிகிச்சை முடிந்துவிட்டதே, இப்போது போய்ச் சோர்வு கூடுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. இந்த வகைக் கதிர்வீச்சு நோயாளியின் உடலில் தங்காது; குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் விழுங்கியவர்களும், உடலுக்குள் கதிரியக்க விதைகள் வைக்கப்பட்டவர்களும் இதற்கு விதிவிலக்கு. எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று மருத்துவமனையே சொல்லி அனுப்பும்.

மூன்றாவது, இம்யூனோதெரபி. இதில் பரவலாகக் கொடுக்கப்படும் வகை புற்றுநோயை நேரடியாகக் கொல்வதில்லை. உடலின் எதிர்ப்பு சக்திக்குப் போடப்பட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது. இதன் அடிப்படையைக் கண்டறிந்த ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் இல்லாத வண்டி எங்கே வேண்டுமானாலும் முட்டலாம்: குடல், நுரையீரல், கல்லீரல், தோல், தைராய்டு. அதுவும் வாரங்கள், மாதங்கள் கழித்து, சில சமயம் மருந்தை நிறுத்திய பிறகும். ஆறு மாதம் முன்பு இந்த மருந்து எடுத்தவருக்கு வயிற்றுப்போக்கு என்று வேறொரு மருத்துவரிடம் போனால், அவர் சாதாரணக் கிருமித்தொற்று என்று நினைக்க வாய்ப்புண்டு. ஆனால் இங்கே பெரும்பாலும் தேவைப்படுவது எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு. "இம்யூனோதெரபி எடுத்திருக்கிறார்" என்ற ஒரு வரியைச் சொல்வது அங்கே வீட்டுக்காரரின் பொறுப்பு.

காய்ச்சல்: இங்கே மட்டும் பொறுமை கூடாது

ரத்த வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. கிருமி நுழைந்தால் முதலில் ஓடுவது இவைதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் இருப்பது சாதாரணம். 500-க்குக் கீழே போனால் சிறு தொற்றும் மணிக்கணக்கில் ரத்தத்தில் பரவிவிடும்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. புண்ணில் சீழ் வைப்பதும், சிவந்து வீங்குவதும், மார்பில் சளி கட்டுவதும் பெரும்பாலும் இந்த அணுக்கள் கிருமியோடு போராடுவதன் அடையாளங்கள். போராட ஆளே இல்லாதபோது அந்த அடையாளமும் தெரியாது. இருமல் இல்லை, சளி இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று வீட்டில் ஆறுதல் அடைவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து புரியும். காய்ச்சல் ஒன்றுதான் தெரியும் ஒரே அறிகுறியாக இருக்கலாம்.

செய்ய வேண்டியவை:

1. தெர்மாமீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துவைக்க வேண்டும். வாயில் அல்லது அக்குளில் வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது. சிறு கீறல்கூடக் கிருமிக்கு வாசல்.
2. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும். இரவு 2 மணி ஆனாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் மருத்துவமனை வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.
3. அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கும், தொற்று இறங்காது. கிடைத்த ஒரே எச்சரிக்கையும் அணைந்துபோகும்.
4. உடம்பு சுடாமலே குளிர் நடுக்கம், குழப்பமான பேச்சு, திடீரென்று துவண்டு போவது இருந்தாலும் அதே அவசரம்தான். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் காய்ச்சல் தெரியாமலே தொற்று வரும்.
5. அவசரப் பிரிவில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "கீமோ எடுக்கிறார், இன்று 10-ஆம் நாள், காய்ச்சல் இவ்வளவு." இதைக் கேட்டதும் வரிசை மாறும். வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்குவதுதான் மருத்துவத்தில் வகுத்துக்கொண்ட இலக்கு.

கையில் அல்லது மார்பில் மருந்து ஏற்ற நீண்ட நாள் குழாய் பொருத்தியிருந்தால் அந்த இடத்தைத் தினமும் ஒரு முறை பாருங்கள். சிவப்பு, கசிவு, குழாயில் மருந்து செலுத்தியதும் நடுக்கம் என்று எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

தனி அறை, தனித் தட்டு தேவையா?

புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தட்டைப் பிரிப்பதால் யாருக்கும் லாபமில்லை, நோயாளியின் மனம்தான் நொறுங்கும். அணுக்கள் குறைந்த நாட்களில் வரும் தொற்றுகளில் பெரும்பகுதி அவருடைய குடலிலும் தோலிலும் ஏற்கெனவே வாழும் கிருமிகளால் வருபவை. கதவைச் சாத்தி இவற்றைத் தடுக்க முடியாது. கை கழுவுவது, சளி இருமல் உள்ளவர் அந்த வாரம் எட்டி இருப்பது, உணவை நன்கு வேகவைப்பது, பழங்களை நன்றாகக் கழுவுவது இவை போதும். கடுமையான "கிருமியில்லா உணவுமுறை" தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பட்டியல் நீள நீளச் சாப்பிடுவதுதான் குறைகிறது.

எச்சரிக்கை தேவைப்படுவது வேறொரு இடத்தில். கீமோ ஏறிய பின் குறைந்தது 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வெளியேறும். அவற்றைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கழிவறையை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர் இந்த வேலையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளட்டும். கீமோ மாத்திரையையும் வெறுங்கையால் தொடக் கூடாது, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

சாப்பாடு என்னும் சண்டைக்களம்

புற்றுநோய் வீடுகளில் அதிகம் சண்டை நடப்பது சாப்பாட்டுத் தட்டைச் சுற்றித்தான். ஊட்டுபவருக்கு அது அன்பு. உண்ண முடியாதவருக்கு அது பரீட்சை. இரண்டு பேரும் தோற்றுப்போகிறார்கள்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் கேக்கெக்சியா. முற்றிய புற்றுநோயில் உடல் மெலிவது பட்டினியால் மட்டும் வருவதில்லை. நோய் கிளப்பிவிடும் அழற்சி வேதிப்பொருட்கள் பசியைக் கெடுக்கின்றன, தசையைக் கரைக்கின்றன, உண்டதை உடல் பயன்படுத்தும் விதத்தையே மாற்றிவிடுகின்றன. அதனால்தான் கூடுதலாக ஊட்டுவதால் மட்டும் எடை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. "நான் இன்னும் கொஞ்சம் கட்டாயப்படுத்தியிருந்தால்" என்று பிற்பாடு தன்னையே நொந்துகொள்பவர்கள் இதை ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது.

ஆனால் எல்லா மெலிவும் அப்படியில்லை. வாய்ப்புண், குமட்டல், மலச்சிக்கல், வலி, மனச்சோர்வு ஆகியவற்றால் சாப்பாடு குறைந்தால் சரிசெய்ய வழி உண்டு. "சாப்பிடவில்லை" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட "விழுங்கும்போது வலிக்கிறது, அதனால் நாலு நாளாகச் சாப்பிடவில்லை" என்பது பத்து மடங்கு உபயோகமான தகவல். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.

மூன்று வேளை என்ற கணக்கை மறந்துவிட்டு, பசிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சூடான உணவின் வாசனை குமட்டினால் ஆறவைத்துக் கொடுக்கலாம். உலோகச் சுவை தெரிகிறது என்பவர்களுக்கு உலோகக் கரண்டியை மாற்றிப் பாருங்கள். வாய்க்கு மென்மையான பிரஷ். உப்பும் சமையல் சோடாவும் கொஞ்சம் கரைத்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிப்பது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம்.

அப்புறம், யாரோ சொன்ன மூலிகையும் சத்து மாத்திரையும். "இயற்கையானதுதானே" என்ற வாதம் கல்லீரலுக்குத் தெரியாது. மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சில கீமோ மருந்துகளைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும்; கிரேப்ஃப்ரூட் பழச்சாறு சில மருந்துகளை ரத்தத்தில் தேக்கிவிடும். கொடுக்க நினைத்தால் டப்பாவை அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

வலி: கடிகாரம் பார்த்து

1986-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் முக்கிய விதிகளில் இரண்டு: முடிந்தவரை வாய்வழியாகக் கொடு, கடிகாரப்படி கொடு. இதற்கு முன்பே, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி வரக் காத்திராமல் முறையாக மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணியைக் கொடுப்பதை வலியுறுத்தி வந்தார். வலி தலைதூக்கிய பிறகு அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும். "தாங்க முடிகிறவரை தாங்கட்டும்" என்பது வீரமாகத் தெரியலாம். கணக்குப்படி அது நஷ்டம். வலி தூக்கத்தைத் தின்னும், தூக்கமின்மை பசியைத் தின்னும்.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதுமே வீட்டில் வரும் பயங்கள்:

1. "பழக்கமாகிவிடும்." மருந்துக்கு உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. மருத்துவர் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர்களில் அடிமையாவோர் குறைவு. திடீரென்று நிறுத்தினால் உடல் தடுமாறும் என்பதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஏற்கெனவே போதைப்பழக்கம் இருந்தவரென்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.
2. "மார்ஃபின் கொடுத்தால் கடைசிக்கட்டம் என்று அர்த்தம்." இல்லை. வலியின் அளவைப் பார்த்துக் கொடுப்பது அது. சிகிச்சை நடுவில் தொடங்கி, கட்டி சுருங்கியதும் நிறுத்தியவர்கள் உண்டு.
3. "தூங்கிக்கொண்டே இருக்கிறார்." தொடங்கிய அல்லது கூட்டிய முதல் சில நாட்களில் மயக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். ஆனால் எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது, கண்மணி குண்டூசித் தலை போல் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே உதவி தேவை.

போகாமல் நிற்கும் ஒரு பக்கவிளைவு மலச்சிக்கல். நாளாக ஆக உடல் பழகிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம், பழகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எழுதிக்கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள்.

நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் 12 மணி நேர மருந்து ஒரேயடியாக இறங்கும்; உயிருக்கே ஆபத்து. தோலில் ஒட்டும் வலி மருந்துப் பட்டை மேல் வெந்நீர்ப் பை வைப்பதும் அப்படித்தான். மருந்துகளைப் பூட்டி வையுங்கள். ஒரு நோட்டில் நேரம், 0 முதல் 10 வரை வலியின் அளவு, எந்த இடம், கொடுத்த மருந்து, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று எழுதுங்கள். மருந்தளவை மாற்ற மருத்துவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்?

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் அடுத்த சுற்று கீமோ கொடுக்கலாமா என்பதே பல நேரம் முடிவாகிறது. நோயாளியின் செயல்திறனை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. 0 என்றால் எந்தத் தடையும் இல்லை. 2 என்றால் வேலைக்குப் போக முடியாது, ஆனால் தன் காரியங்களைத் தானே செய்துகொள்வார், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார். 3 என்றால் அந்த நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையோ நாற்காலியோதான். 4 என்றால் முழுக்கவே படுக்கை. 3 அல்லது அதற்கு மேல் போனவருக்கு கீமோவின் கெடுதல் நன்மையை மிஞ்ச வாய்ப்பு அதிகம்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் குளித்து, நல்ல உடை உடுத்தி, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று நிமிர்ந்து உட்காரும் நோயாளியைப் பார்த்து இந்த எண்ணைப் போட்டால் தப்பாகும். கூட இருப்பவர் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

களைப்பைப் பற்றி ஒரு வரி: புற்றுநோய்க் களைப்பு ஓய்வெடுத்தால் தீருவதில்லை. மருத்துவர் தடுக்காதவரை தினமும் கொஞ்சம் நடப்பது உண்மையிலேயே பலன் தருகிறது.

தாமதிக்கக் கூடாத மற்ற அறிகுறிகள்

1. புதிதாக முதுகுவலி, அதோடு கால் தள்ளாட்டம் அல்லது மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது. கட்டி தண்டுவடத்தை அழுத்தலாம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால் நடை மிஞ்ச நல்ல வாய்ப்பு உண்டு. கால் விழுந்துவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை.
2. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. ரத்தம் உறைந்து கட்டி சேர்வது புற்றுநோயாளிகளுக்கு அதிகம்.
3. மூக்கில், ஈறில் நிற்காத ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுப்பு மலம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். கேட்காமல் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கொடுக்க வேண்டாம்.
4. முகமும் கழுத்தும் வீங்கி, கழுத்து நரம்புகள் புடைப்பது.
5. அதிக தாகம், மலச்சிக்கல், மந்தம், குழப்பம் எல்லாம் சேர்ந்து வருவது. ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம்.
6. 24 மணி நேரமாகத் தண்ணீர்கூட உள்ளே தங்காதது.

பேலியேட்டிவ் கேர் எப்போது?

நோய்த்தணிப்பு சிகிச்சை என்றதும் "கைவிட்டுவிட்டார்கள்" என்று புரிந்துகொள்ளப்படுகிறது. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம் இவற்றைத் தனித்துறையாகக் கையாளும் மருத்துவம் அது. கீமோ நடக்கும்போதே சேர்ந்து நடக்கலாம். 2010-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பரவிய நிலை நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நோய் தெரிந்த உடனேயே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துத் தொடங்கினார்கள். அவர்களுடைய வாழ்க்கைத்தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். கேட்டு வாங்க வேண்டிய ஒன்றைக் கேட்கப் பயப்படுகிறோம்.

நோயாளியிடம் நோயை மறைக்கும் வீடுகளிலும் இதே பயம்தான். பெரும்பாலும் அவர் ஊகித்துவிடுகிறார், பேச ஆள் இல்லாமல் போகிறது. நடைமுறையில் இன்னொரு கெடுதலும் உண்டு: என்ன மருந்து என்றே தெரியாதவர், எந்த அறிகுறியைச் சொல்ல வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? "எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்?" என்று அவரிடமே மருத்துவரைக் கேட்க வைப்பது நல்ல தொடக்கம்.

பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால்

எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் வைத்திருக்கும் வீடு, அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலே நின்றுவிடும். நோயாளியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வதும், மாதக்கணக்கில் தூங்காமல் மருந்து மாற்றிக் கொடுத்துவிடுவதும் நடப்பவைதான். தூக்குவது எப்படி என்று நர்ஸிடம் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டு இருந்தால், உங்களுக்கும் மருத்துவர் தேவை.

உதவிக்கு வருகிறவர்களிடம் "ஏதாவது வேண்டுமென்றால் சொல்கிறேன்" என்று அனுப்பிவிடாமல், செவ்வாய் இரவு கூட இருக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த இரவுக்காக ஒரே ஒரு தாள் எழுதிவையுங்கள்: நோயின் பெயர், மருந்தின் பெயர், கடைசி கீமோ தேதி, ஒவ்வாமை, எந்த மணிக்கு எந்த மாத்திரை, வலி கூடினால் கொடுக்க வேண்டிய கூடுதல் டோஸ், மருத்துவமனையின் இரவு நேர எண், 38 டிகிரி என்ற அளவு. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, மருந்து மாறும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.